லெதர் ஜாக்கெட் போட்டும் ஏன் குளிர்கிறது?

நண்பர் கேட்டிருப்பது இது: ஜனவரியில் நண்பர்கள் சேர்ந்து பைக்கில் கோவையிலிருந்து ஊட்டி போகிறார்கள். விடியுமுன் கிளம்பத் திட்டம். அதற்காகவே நல்ல விலை கொடுத்து லெதர் ஜாக்கெட் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் அதிகாலையில் மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டிப் பார்த்தால், சமவெளியிலேயே உள்ளே சில்லென்று ஏறுகிறது. ஜாக்கெட் மட்டமா, உள்ளே ஸ்வெட்டர் போட்டால் போதுமா, பிறகு இதே ஜாக்கெட்டை லடாக்குக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்.

ஜாக்கெட்டின் மேல் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. தோலுக்கு இரண்டு வேலைகள் நன்றாகத் தெரியும். காற்றைத் தடுக்கும். கீழே விழுந்து தார்ச்சாலையில் இழுபடும்போது தான் தேய்ந்து உங்கள் சதையைக் காப்பாற்றும். கதகதப்பு தருவது அதன் வேலையே இல்லை. உடம்பின் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது, உடைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். அப்படி நிற்கும் காற்றைவிட லெதர் ஐந்தாறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். அதுவும் ஓட்டுவதற்கான ஜாக்கெட்டில் தோலின் தடிமன் 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர்தான். வெளிக்காற்று அடிக்க அடிக்க அந்த மெல்லிய தோல் முழுக்கக் குளிர்ந்துவிடும். உள்ளே டி-ஷர்ட் மட்டும் இருந்தால் தோளிலும் மேற்கையிலும் நெஞ்சிலும் அந்தக் குளிர்ந்த தோல் நேராக உடம்பில் ஒட்டும். நீங்கள் உணர்ந்த சில்லிப்பு அதுதான்.

காற்று எவ்வளவு குளிரைக் கூட்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரப்படி, 10 டிகிரி குளிரில் 80 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் மூடாத சருமத்துக்கு அது சுமார் 4 டிகிரி போல இருக்கும். ஊட்டியை நெருங்கும்போது 4 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே அது பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி கீழே போன மாதிரி. இது மூடாத உடம்புக்கான கணக்கு. ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவே தெரிகிற இரண்டு விரல் கழுத்துக்கும், கிளவுஸுக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவே தெரிகிற மணிக்கட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

அதனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்த இடைவெளிகளை மூடுங்கள். கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு. இந்த மூன்று வாசல் வழியாகக் காற்று நுழைந்தால் உள்ளே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் வீண். சேர்த்து வைத்த சூடான காற்றை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

கழுத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே தோலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. ஓட்டுகிறவர் முகத்துக்கு நேராக வருகிற காற்று முதலில் மோதுவதும் அங்கேதான். வெளியே தொங்குகிற மப்ளர் வேண்டாம். காற்றில் அவிழும், நுனி பறந்து சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. குழாய் வடிவில் தைத்த கழுத்துத் துணி கிடைக்கும். ஃப்ளீஸ் எனும் பஞ்சு போன்ற செயற்கைத் துணியாக இருந்தால் நல்லது. அதைக் கழுத்தில் மாட்டி, கீழ்ப்பாதியை ஜாக்கெட்டுக்குள் விட்டு, பிறகு காலரை மேல்வரை ஜிப் போடுங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பலாக்லாவா, அதாவது கண்ணை மட்டும் விட்டுத் தலையையும் கழுத்தையும் மூடும் துணியுறை, போடலாம். வீட்டிலிருக்கும் கம்பளிக் குரங்குக் குல்லாவை மட்டும் ஹெல்மெட்டுக்குள் திணிக்காதீர்கள். ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, விழும்போது கழன்று போகும்.

இடுப்பில் நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. கடையில் நின்றபடி போட்டுப் பார்க்கும்போது ஜாக்கெட் இடுப்புக்குக் கீழே வரும். வண்டியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்ததும் பின்பக்கம் மேலே ஏறி, முதுகின் அடிப்பகுதி திறந்துவிடும். உள்ளே போடும் சட்டையைப் பேன்ட்டுக்குள் நன்றாகச் செருகுங்கள். ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் இணைக்கும் ஜிப் இருந்தால் அதைப் போடுங்கள். இரண்டும் முடியாதென்றால் இடுப்பைச் சுற்றி அகலமான எலாஸ்டிக் பெல்ட் கட்டினாலும் போதும். மணிக்கட்டுக்கு வழி, முழங்கைக்குப் பாதி தூரம்வரை வருகிற நீளமான கிளவுஸ். காய்ந்த குளிரில் அது ஜாக்கெட் கையின் மேல் ஏறி மூட வேண்டும். மழையில் மட்டும் தலைகீழ்: ஜாக்கெட்டின் கை கிளவுஸுக்கு மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் கையில் வழிகிற தண்ணீரெல்லாம் கிளவுஸுக்குள் சேரும்.

முன்பக்க ஜிப்பையும் பாருங்கள். ஜிப்பின் பற்களுக்கு இடையே காற்று ஊசி போல் நுழையும். அதன் பின்னால் ஒரு பட்டித் தோல் வைத்துத் தைத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் நாளிதழை நான்காக மடித்து நெஞ்சில் வைத்து, மேலே ஜிப் போட்டுக்கொள்ளுங்கள். மலையிறங்கும் சைக்கிள் பந்தய வீரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை இது, நிஜமாகவே பலன் தரும். கடுங்குளிரில் மாட்டிக்கொண்டு கையில் வேறெதுவும் இல்லாதவருக்கு நான் சொல்லும் முதல் உதவியும் இதுதான். எந்த டீக்கடையிலும் பழைய பேப்பர் கிடைக்கும்.

இனி உள்ளே போடுவது. உடம்போடு ஒட்டும் உடை பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காய நேரமாகும். ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகும். விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் சட்டை போதும். மெரினோ கம்பளி அதைவிட நல்லது, விலை கூடுதல். அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது நீங்கள் கேட்ட ஸ்வெட்டர். ஸ்வெட்டர் பின்னலின் கண்களில் காற்று தேங்கும். தனியாகப் போட்டால் வண்டிக்காற்று அந்தக் கண்கள் வழியே புகுந்துவிடும். மேலே லெதர் இருக்கும்போது அதே ஸ்வெட்டர் அருமையாக வேலை செய்யும். லெதரும் ஸ்வெட்டரும் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் ஜாக்கெட்டுக்குள் அதற்கு இடம் வேண்டும். ஸ்வெட்டர் நசுங்குகிற அளவுக்கு ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால், காற்றுக்கும் இடமில்லை, கையை மடக்கினால் ரத்த ஓட்டமும் தடைபடும். ஸ்வெட்டர் போட்டு, ஜாக்கெட்டை மூடி, வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில் பாரைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை முழுக்க இழுக்க முடிந்தால் சரி. அதற்காக மிகவும் தொளதொளப்பாகவும் வாங்கிவிடாதீர்கள். முழங்கையிலும் தோளிலும் உள்ள அடி தாங்கும் பேடுகள் விழும்போது இடம் மாறிவிடும்.

இத்தனைக்கும் மேல், குளிருக்கு மலிவான நல்ல மருந்து ரெயின்கோட். லெதருக்கு மேலே போடுங்கள். ஜிப்பு, தையல், காலர் என்று காற்று நுழைகிற ஓட்டைகளையெல்லாம் ஒரே வீச்சில் மூடிவிடும். குன்னூருக்கு மேலே பனிமூட்டத்தில் ஓட்டும்போது லெதர் நனையாமலும் காக்கும். நனைந்த லெதர் கனக்கும், வெப்பத்தை இன்னும் வேகமாகக் கடத்தும், காய்ந்துகொண்டே உங்களைக் குளிர வைக்கும். ரெயின்கோட் காற்றில் படபடக்காத அளவில் இருக்கட்டும். கீழே விழுந்தால் அது கிழியும், ஆனால் அடியில் லெதர் இருக்கிறது.

கைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் அங்கேதான் இருக்கிறது. விரல் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க நேரமாகும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. ஈரமான கொண்டை ஊசி வளைவில் முன் பிரேக்கை அளவு தெரியாமல் அழுத்தினால் என்ன ஆகும் என்று ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பலரும் கை குளிர்ந்ததும் இன்னும் தடிமனான கிளவுஸ் தேடுவார்கள். கோளாறு பெரும்பாலும் கையில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களை உடம்பு தானாகவே சுருக்கிக்கொள்ளும். ரத்தம் வராத விரலுக்கு எத்தனை கிளவுஸ் போட்டாலும் சூடு வராது. நெஞ்சையும் வயிற்றையும் கதகதப்பாக வைத்தால் விரல்களுக்கு ரத்தம் திரும்பி வரும். கிளவுஸை விட முதலில் ஃப்ளீஸுக்குச் செலவழியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கிளவுஸ் என்றால் ஆட்டுத்தோல் எனக்குப் பிடிக்கும். மெல்லியதாக இருந்தும் உறுதியாக இருக்கும், லீவரின் அசைவு விரலுக்குத் தெரியும். கோடைக்கான ஓட்டை போட்ட கிளவுஸ் மலைக்கு ஆகாது. ஒரு எண் பெரிதாக வாங்கி, உள்ளே பட்டிலோ கம்பளியிலோ மெல்லிய உள்ளுறை போடுங்கள். அவசரத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி உள்ளே போட்டாலும் காற்று நின்றுவிடும். கை வியர்க்கும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கலாம். வண்டிக்கு ஹேண்ட் கார்டு, அதாவது கைப்பிடிக்கு முன்னால் மாட்டும் தடுப்பு, இருந்தால் விரல் மேல் நேராக அடிக்கும் காற்றில் பெரும்பகுதி விலகிப்போகும். வண்டியை நிறுத்தும்போது சைலன்சரில் கிளவுஸை வைத்துச் சூடேற்றாதீர்கள், தோல் சுருங்கி விறைத்துவிடும். அதைவிட, நின்றுகொண்டு கைகளை நீட்டிப் பெரிய வட்டமாகப் பலமுறை வேகமாகச் சுழற்றுங்கள். ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்பட்டு, சுருக்கென்று ஒரு வலியோடு உணர்வு திரும்பும்.

காலுக்கு ஜீன்ஸ் போதாது. முழங்கால் இரண்டும் காற்றைப் பிளந்துகொண்டுதான் போகின்றன. உள்ளே திருப்பூர்த் தெர்மல் உள்ளாடை ஒன்று, மேலே ரெயின்கோட் பேன்ட். லெதர் பேன்ட் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் பாதம் சூடாகாது, ரத்தம்தான் நிற்கும். கம்பளி சாக்ஸ் ஒன்று போட்டு, விரலை அசைக்க இடம் இருக்கட்டும்.

உடைகள் எல்லாம் சரியாக இருந்தும் இந்தப் பாதையில் பலர் நடுங்குவதற்கு வேறு காரணம் உண்டு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறரை டிகிரி குறையும். ஐம்பது கிலோமீட்டருக்குள் பன்னிரண்டு டிகிரி இறங்கிவிடுகிறது. கீழேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பினால், கல்லாறு தாண்டி வளைவுகளில் ஏறும்போது உடம்பு வியர்க்கும். அந்த வியர்வை குன்னூரில் உங்களைப் பழிவாங்கும். கொஞ்சம் குளிர்கிறதே என்று தோன்றும் அளவிலேயே மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்புங்கள். பர்லியாறில் நிறுத்தி ஃப்ளீஸ் போடுங்கள், குன்னூரில் ரெயின்கோட். குளிர்ந்து நடுங்கிய பிறகு உடை சேர்த்தால், இழந்த சூட்டை உடம்பு மீட்க வெகு நேரமாகும்.

நேரத்தையும் மாற்றுங்கள் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். நான்கு மணிக்குக் கிளம்பினால் சரியாக விடியும் நேரத்தில், அதாவது இருபத்து நான்கு மணி நேரத்தில் மிகக் குளிர்ந்த பொழுதில், ஊட்டியை எட்டுவீர்கள். ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளங்களில் வந்து தேங்கும். தலைகுந்தா போன்ற இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடப்பது அதனால்தான். அப்படிப்பட்ட இரவுகளில் பக்கத்து மேட்டைவிடப் பள்ளத்தில் அதிகம் குளிரும். கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் இடையே இருட்டில் யானை சாலையைக் கடக்கும் என்பது இன்னொரு காரணம். ஆறரைக்குக் கோவையில் கிளம்பி, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஒன்பது மணி வெயிலில் அதே சாலை அத்தனை இதமாக இருக்கும்.

வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். சூடு உண்டாக்க உடம்புக்கு எரிபொருள் வேண்டும். வழியில் சூடான டீ நல்லது. குளிருக்கு ஒரு பெக் என்கிற பேச்சை நம்பவே வேண்டாம். மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்களை விரிக்கும். கதகதப்பாகத் தோன்றும்போதே உள்ளிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூட வருகிறவர்களையும் கவனியுங்கள். உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. நிலைமை அந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு: வெடவெடவென்ற நடுக்கம், பேச்சுக் குழறல், ஜிப்பைப் போட முடியாமல் தடுமாறும் விரல்கள், வளைவில் தாமதமாகத் திரும்புவது. நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்று, ஆள் மந்தமாகிவிட்டால் அது தேறியதாக அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிறது. உடனே நிறுத்தி, ஈர உடையை மாற்றி, போர்த்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்து வருபவர் அசையாமல் இருப்பதால் ஓட்டுகிறவருக்கு முன்பே குளிர்ந்துவிடுவார், அவரிடம் அடிக்கடி பேசிக்கொண்டே வாருங்கள்.

பேட்டரியில் ஓடும் சூடேற்றும் உள்சட்டையும் ஹேண்டில் கிரிப்பும் இப்போது கிடைக்கின்றன. உள்சட்டை உண்மையிலேயே நல்ல பொருள், நெஞ்சைச் சூடாக்கினால் கையும் சூடாகும் என்று மேலே சொன்னதுதான் காரணம். ஆனால் வண்டியின் மின்சாரத்தில் மாட்டுவதாக இருந்தால், ஹெட்லைட் பல்பு ஒன்று எடுக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ மின்சாரம் இழுக்கும். சின்ன வண்டிகளின் சார்ஜிங் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். ஊட்டிக்கு ஒரு நாள் பயணத்துக்கு இது தேவையே இல்லை.

உங்கள் ஜாக்கெட் ஒரிஜினல்தானா என்ற சந்தேகம் மிச்சமிருந்தால், உள்பக்கமோ வெட்டிய ஓரமோ தெரிகிற இடத்தைப் பாருங்கள். தோலாக இருந்தால் பின்னிப் பிணைந்த நார் தெரியும். ரெக்சினில் நூல் துணியின் நெசவு தெரியும். சென்னை பெரியமேட்டிலோ வேறெங்கோ தைக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாகரிகத்துக்குப் போடும் ஜாக்கெட்டுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் செம்மறித் தோல்தான் போடுவார்கள். அது தொட்டால் வெண்ணெய் போல் இருக்கும், சாலையில் உராய்ந்தால் நொடியில் கிழியும். மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல், 1.2 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த மாநிலத்தில் நல்ல தோலுக்குப் பஞ்சமில்லை.

நனைந்து திரும்பினால் ஜாக்கெட்டை அகலமான ஹேங்கரில் மாட்டி, நிழலில், மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயிலும் ஹீட்டரும் அடுப்பும் வேண்டாம். தோலை மிருதுவாக வைத்திருப்பது பதனிடும்போது ஏற்றிய எண்ணெய்ச் சத்து. சூட்டில் அது போய்விட்டால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் லெதருக்கான கண்டிஷனர் கொஞ்சம் தடவுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பருத்தித் துணி உறை போட்டு, காற்று வரும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

லடாக்குக்கு இந்த ஜாக்கெட் வேண்டாம் என்பதே என் கருத்து. ஜூலையில் 3,500 மீட்டரிலுள்ள லேயில் பகலில் வெயில் வாட்டும், அன்றே 5,359 மீட்டர் கார்துங் லா கணவாயில் விரல் விறைக்கும். மணாலி வழியாகப் போனால் பனி உருகி மத்தியானத்தில் சாலையின் குறுக்கே ஓடும் நீரோடைகளைக் கடக்க வேண்டும். தெறித்து நனைகிற தடித்த தோல் இரவுக்குள் காயாது, மறுநாள் அதையேதான் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கழற்றி மாட்டும் உள்லைனிங்குகளோடு வருகிற துணி ஜாக்கெட்டை அங்கே வாடகைக்குக்கூட எடுக்கலாம். லெதர் கிளவுஸை மட்டும் கொண்டுபோங்கள், மாற்று ஜோடி ஒன்றோடு.